பாலாடை மணக்கும் பூவாசனை: கிடைக்காத சரக்கைத் தேடும் வழி

மல்லிகை, சம்பங்கி, செண்பகம் ஆகிய பூக்களின் வாசனையில் மூன்று அடுக்குகள் உண்டு. முதலில் மூக்கைத் தொடுவது பழத்தின் இனிப்பு. அடுத்து, இலையைக் கிள்ளினாற்போல் ஒரு பச்சை வாடை. மூன்றாவது அடுக்கு தலையில் வைத்த பூ லேசாக வாடத் தொடங்கும்போதுதான் தெளிவாகும்: காய்ச்சி ஆறிய பாலின் ஏடு போல, முதல் தேங்காய்ப்பால் போல, கொழுப்பு கலந்த அடிமணம் அது. இந்த அடிமணத்தைத் தூக்கிக் காட்டும் செண்டுகள் வாசனைக் கலையில் ஒரு தனிக் குடும்பம். பாரிஸில் ராபர்ட் பிகே நிறுவனத்துக்காக ஜெர்மேன் செலியே என்ற பெண் கலைஞர் 1948இல் உருவாக்கிய ‘ஃப்ராக்கா’ அந்தக் குடும்பத்தில் மிகவும் புகழ்பெற்றது. அதன் நடுநாயகம் சம்பங்கி.

கோடம்பாக்கத்தில் ஒரு வீட்டுச் சமையலறையில் இப்படியொரு செண்டைக் கலக்க நினைப்பவருக்குப் பூவுக்குப் பஞ்சமில்லை. வடபழனி முருகன் கோயில் வாசலில் முழம் போட்டு அளந்து தருகிறார்கள். 1996இல் திறக்கப்பட்ட கோயம்பேடு சந்தை கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. பஞ்சமெல்லாம் பூவுக்குள் இருக்கும் பொருள்களுக்குத்தான். அந்தப் பஞ்சத்திலும் பாதி பெயர்க் குழப்பத்தால் வருவது. சரக்கு கடையில் இருக்கும். கேட்பவர் ஒரு பெயரில் கேட்பார், கடைக்காரர் இன்னொரு பெயரில் வைத்திருப்பார்.

முதலில் பாலாடை மணம் எதனால் உண்டாகிறது என்று பார்க்க வேண்டும். வெண்ணெய் உருக்கும் அடுப்பருகே நின்ற எல்லோருக்கும் லாக்டோனைத் தெரியும், பெயர் தெரியாவிட்டாலும். பால் கொழுப்பில் சில ஹைட்ராக்ஸி அமிலங்கள் கிளிசரைடுகளாகக் கட்டுண்டு கிடக்கின்றன. அந்த நிலையில் அவற்றுக்கு மணம் இல்லை. சூடு ஏறும்போது அமிலம் விடுபட்டு, தன் வாலைத் தானே கவ்வும் பாம்புபோல் வளைந்து, ஒரு நீர் மூலக்கூறைக் கழித்துவிட்டு வளையமாக மூடிக்கொள்கிறது. அந்த வளையமே லாக்டோன். வெண்ணெயில் இல்லாத மணம் நெய்யில் இருப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். வளையத்தில் நான்கு கார்பனும் ஓர் ஆக்சிஜனும் இருந்தால் அது காமா லாக்டோன். ஐந்து கார்பனும் ஓர் ஆக்சிஜனும் இருந்தால் டெல்டா லாக்டோன். காமா வகை பழத்தின் பக்கமும் தேங்காயின் பக்கமும் சாயும். டெல்டா வகை பாலின் பக்கம் சாயும்.

செண்டுக்கு வேண்டியவை இவற்றில் ஐந்துதான். ஒன்பது கார்பன் கொண்ட காமா நோனாலாக்டோனில் துருவிய தேங்காயின் மணம். பத்து கார்பன் கொண்ட காமா டெக்காலாக்டோனில் நன்கு பழுத்த பீச் பழத்தின் சதை. பதினொரு கார்பன் கொண்ட காமா அண்டெக்காலாக்டோன் அதே பழத்தின் தோல்; கெர்லெய்ன் நிறுவனத்தின் 1919ஆம் ஆண்டு ‘மிட்சூகோ’வுக்கு அழியாப் புகழ் தந்ததில் இதற்குப் பெரும்பங்கு உண்டு. டெல்டா டெக்காலாக்டோன் பாலேடு. டெல்டா டோடெக்காலாக்டோன் வெண்ணெய். இயற்கைச் சம்பங்கியிலும் மல்லியிலும் அவற்றுக்கே உரிய லாக்டோன்கள் சிறு அளவில் இருக்கின்றன. அவற்றைத் தனியாக வாங்குவது கடினம், விலையும் அதிகம். மேற்சொன்ன ஐந்தில் இரண்டோ மூன்றோ இருந்தால் அவற்றின் வேலையைப் பெருமளவு செய்துவிடலாம்.

பெயர்க் குழப்பம் இங்கேதான் தொடங்குகிறது. வாசனை வணிகத்தில் காமா அண்டெக்காலாக்டோனுக்கு நெடுங்காலமாக வழங்கும் பெயர் ‘ஆல்டிஹைடு சி-14’. காமா நோனாலாக்டோனுக்கு ‘ஆல்டிஹைடு சி-18’. இரண்டும் ஆல்டிஹைடு அல்ல. ஒன்றில் பதினான்கு கார்பனும் இல்லை, மற்றதில் பதினெட்டு கார்பனும் இல்லை. ஆனாலும் கடைத்தெருவில் இந்தப் பெயர்களே செல்லும். ‘நோனாலாக்டோன் இருக்கிறதா’ என்று கேட்டால் உதட்டைப் பிதுக்கும் அதே கடைக்காரர், ‘சி-18’ என்றதும் அலமாரியிலிருந்து குப்பியை எடுப்பார்.

இந்தக் குழப்பத்துக்கு ஒரே மருந்து சிஏஎஸ் எண். உலகில் பதிவான ஒவ்வொரு வேதிப்பொருளுக்கும் ஓர் எண் உண்டு. எந்த மொழியில், எந்த வணிகப் பெயரில் விற்றாலும் எண் மாறாது. காமா நோனாலாக்டோன் 104-61-0. காமா டெக்காலாக்டோன் 706-14-9. காமா அண்டெக்காலாக்டோன் 104-67-6. டெல்டா டெக்காலாக்டோன் 705-86-2. எண்ணைத் தவறாக எழுதிவிட்டோமா என்று சோதிக்க எண்ணுக்குள்ளேயே வழி இருக்கிறது. கடைசி இலக்கத்தை விட்டுவிட்டு, மீதியை வலமிருந்து இடமாக 1, 2, 3 என்று பெருக்கிக் கூட்ட வேண்டும். 104-67-6ஐ எடுத்துக்கொண்டால், 7×1, 6×2, 4×3, 0×4, 1×5. கூட்டினால் 36. அதன் கடைசி இலக்கம் 6. எண்ணின் கடைசி இலக்கமும் 6. பொருந்தாத எண்ணை ஒரு விலைப்பட்டியலில் கண்டால், அந்த விற்பனையாளரிடம் விளக்கம் கேட்காமல் பணம் அனுப்பக்கூடாது.

லாக்டோன்கள் எங்கோ ஐரோப்பாவில் விளையும் அபூர்வச் சரக்கு என்ற எண்ணம் தவறானது. பல லாக்டோன்களுக்கு மூலப்பொருள் ஆமணக்கெண்ணெய். அதன் பெரும்பகுதியான ரிசினோலிக் அமிலத்தை யாரோவியா லிப்போலிட்டிகா என்ற ஈஸ்ட்டுக்கு உணவாகக் கொடுத்தால், அது கார்பன் சங்கிலியைக் கடித்துக் குறைத்துக் காமா டெக்காலாக்டோனாக ஆக்கித் தருகிறது. ஆமணக்கெண்ணெயைக் கடும் வெப்பத்தில் சிதைத்தால் அண்டெசிலினிக் அமிலமும் ஹெப்டனாலும் கிடைக்கின்றன. முன்னதிலிருந்து காமா அண்டெக்காலாக்டோன். பின்னதை பென்சால்டிஹைடுடன் சேர்த்தால் மல்லிகைச் சாயல் கொண்ட அமைல் சின்னமிக் ஆல்டிஹைடு. உலகிலேயே அதிக ஆமணக்கு விளையும் நாடு இந்தியா. குழந்தைக்கு வயிறு சுத்தமாகப் பாட்டிமார் புகட்டிய எண்ணெயிலிருந்துதான் பீச் பழத்தின் மணம் பிறக்கிறது.

கோடம்பாக்கத்திலிருந்து சரக்கு தேடிப் புறப்படுபவருக்கு மின்சார ரயிலே வசதி. நுங்கம்பாக்கம், சேத்துப்பட்டு, எழும்பூர் தாண்டினால் பூங்கா நிலையம். அங்கிருந்து நடந்து போகும் தொலைவில் பார்க் டவுனும் சவுகார்பேட்டையும். நைனியப்ப நாயக்கன் தெரு, கோவிந்தப்ப நாயக்கன் தெரு வட்டாரத்தில் ரசாயன மொத்த வியாபாரிகள் இருக்கிறார்கள். ராசப்ப செட்டி தெருவில் நாட்டு மருந்துக் கடைகள். திருவல்லிக்கேணி நெடுஞ்சாலையில் அத்தர் கடைகள். மயிலாப்பூர் கச்சேரி சாலையில் 1885 முதல் நடக்கும் டப்பா செட்டி கடை. ஒவ்வோரிடத்துக்கும் ஒரு பயன் உண்டு. நாட்டு மருந்துக் கடைக்குப் போய் ஹெடியோன் என்ற செயற்கை மணப்பொருளைக் கேட்பதும், ரசாயனக் கடைக்குப் போய் வெட்டிவேர் கேட்பதும் வீண் அலைச்சல்.

ரசாயனத் தெருக்களில் எளிதாகக் கிடைப்பவை சோப்புக்கும் ஊதுவத்திக்கும் போகும் சரக்குகள்: பென்சைல் அசிட்டேட், லினலூல், ஃபீனைல் எத்தில் ஆல்கஹால், வெனிலின், அமைல் சின்னமிக் ஆல்டிஹைடு. மல்லிகையின் எலும்புக்கூடு இவற்றிலேயே முடிந்துவிடும். பென்சைல் அசிட்டேட்டும் லினலூலும் குண்டுமல்லியின் இயற்கை வாசனையிலேயே முக்கியப் பங்கு வகிப்பவை. சிக்கல் லாக்டோன்களில் வருகிறது. அவை ஐஸ்கிரீமுக்கும் பிஸ்கட்டுக்கும் சுவைமணம் கூட்டும் தொழிலுக்குப் போகின்றன. கிலோக் கணக்கில்தான் விற்பனை. இந்த அத்தியாயத்தின் பிற்பகுதியில் வரும் 10 கிராம் கலவைக்கு நோனாலாக்டோன் வேண்டியது 0.03 கிராம். ஒரு கிலோ வாங்கினால் அப்படி 33,000 கலவைகளுக்கு வரும். ஆகவே வீட்டில் கலப்பவருக்குக் கிடைக்காத பொருள் என்று பெரும்பாலும் சொல்லப்படுவது உண்மையில் கிடைக்காத அளவு.

இதற்கு மூன்று வழிகள் இருக்கின்றன. மொத்த வியாபாரியிடம் மாதிரிக் குப்பி கேட்பது முதல் வழி. கூடவே பகுப்பாய்வுச் சான்றும் கேட்டு வாங்க வேண்டும். 10 கிராம், 25 கிராம் குப்பிகளாகப் பிரித்து விற்கும் சில்லறை விற்பனையாளர்கள் மும்பையிலும் டெல்லி திலக் பஜாரிலும் கன்னோஜிலும் இருக்கிறார்கள். அவர்களிடம் கூரியரில் தருவிப்பது இரண்டாவது. நான்கைந்து பேர் சேர்ந்து வாங்கிப் பங்கிட்டுக்கொள்வது மூன்றாவது, சிக்கனமானதும்கூட. உத்தரப் பிரதேசத்தின் கன்னோஜில் மத்திய அரசின் ஆதரவுடன் 1991இல் தொடங்கப்பட்ட நறுமணம் மற்றும் சுவைமண மேம்பாட்டு மையம் புதியவர்களுக்குப் பயிற்சியும் அளிக்கிறது.

பேக்கரிப் பொருள் கடையில் விற்கும் தேங்காய் எசென்ஸை இந்த வேலைக்கு வாங்கக்கூடாது. அதில் மணப்பொருள் கொஞ்சம். மீதியெல்லாம் புரொப்பிலீன் கிளைகால். எண்ணெயில் தயாராகும் செண்டில் அது கரையாது, அடியில் தனி அடுக்காகத் தங்கிவிடும்.

இனி பூ. மல்லிகையைப் பன்னீர் வடிப்பதுபோல் ஆவியில் வடித்து எண்ணெய் எடுப்பது வணிக அளவில் நடப்பதில்லை. சூட்டில் அதன் மணம் சிதையும். ‘மல்லிகை எசென்ஷியல் ஆயில்’ என்ற பெயரில் தண்ணீர்போல் நிறமற்று மலிவாகக் கிடைக்கும் குப்பிகள் செயற்கைக் கலவைகளே. உண்மையான சரக்கு வேறு வழியில் வருகிறது. மொட்டுகளை ஹெக்சேனில் ஊறவைத்து, ஹெக்சேனை ஆவியாக்கி ஓட்டினால் மெழுகுபோல் எஞ்சுவது கான்க்ரீட். அதை எரிசாராயத்தில் கரைத்து, குளிரவைத்து, உறைந்த மெழுகை வடிகட்டி நீக்கி, சாராயத்தையும் ஓட்டினால் ஆரஞ்சும் பழுப்பும் கலந்த நிறத்தில் கிடைப்பது அப்சல்யூட். குண்டுமல்லியில் ஒரு கிலோ அப்சல்யூட்டுக்கு ஆயிரம் கிலோவுக்கு மேல் மொட்டு வேண்டும். சம்பங்கியில் அதைவிடப் பல மடங்கு.

இந்தத் தொழிலுக்கு உலக அளவில் பெயர்பெற்ற இடங்களில் தமிழ்நாடும் ஒன்று. மதுரை, நிலக்கோட்டை, சத்தியமங்கலம் பகுதிகளில் விளையும் மல்லி, கோடையில் வரத்து பெருகி விலை சரியும்போது ஆலைகளுக்குப் போகிறது. பனிக்காலத்தில் வரத்து சுருங்கி, பூக்கடையில் விலை கிலோவுக்கு ஆயிரங்களைத் தொடும் நாள்களில் ஆலை வாங்கிக் கட்டுப்படியாகாது. மதுரை மல்லிக்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்த மல்லியின் அப்சல்யூட் பெரும்பாலும் ஏற்றுமதியாகிறது. மதுரைப் பூவின் சாரம் பிரான்ஸுக்குப் போய் அங்கே செண்டாகி, பெருவணிக வளாகத்தின் கண்ணாடிப் பேழைக்குத் திரும்பி வருகிறது. இந்தப் பூவை விளைவித்த ஊர்க்காரருக்கு அதன் சாரம் ஐந்து கிராம் குப்பியில் எளிதாகக் கிடைக்க வேண்டும். இன்று அது கிடைக்கும் அரிய இடங்களைத் தேடித்தான் போக வேண்டியிருக்கிறது.

பூவிலும் பெயர்க் குழப்பம் உண்டு, அதுவும் பணத்தைத் தின்னும் குழப்பம். தமிழ்நாட்டில் சம்பங்கி என்றால் மெக்சிகோவிலிருந்து வந்த நிலசம்பங்கி, நீளத் தண்டில் வெள்ளையாக அடுக்கடுக்காய்ப் பூப்பது. தெலுங்கிலும் கன்னடத்திலும் சம்பங்கி, சம்பிகே என்றால் மரத்தில் பூக்கும் செண்பகம். வடக்கே நிலசம்பங்கிக்குப் பெயர் ரஜனிகந்தா. கன்னோஜுக்கோ ஹைதராபாத்துக்கோ ‘சம்பங்கி’ என்று எழுதிப் பணம் அனுப்பினால் செண்பகம் வந்து சேரக்கூடும். மல்லியும் அப்படியே: வடநாட்டுப் பட்டியலில் மோத்தியா, மோக்ரா, பேலா என்பவை நம் குண்டுமல்லி, சமேலி என்பது பிச்சி அல்லது ஜாதிமல்லி, ஜூஹி என்பது முல்லை. பாலாடை மணத்துக்கு முதல் தேவை நிலசம்பங்கி. அது கைக்கு எட்டாவிட்டால் குண்டுமல்லி அப்சல்யூட்டுடன் லாக்டோன் சேர்ப்பது நல்ல மாற்று. ஒரு துளி மெத்தில் சாலிசிலேட்டும் உதவும். தனியே மோந்தால் மூட்டுவலித் தைலம்போல் இருக்கும் அது, சம்பங்கியின் இயற்கை வாசனையில் இருக்கும் ஒரு கூறு.

அப்சல்யூட் வாங்க இயலாதவர்கள் வீட்டிலேயே பூவின் மணத்தை எண்ணெயில் ஏற்றலாம். பிரான்ஸில் இதற்கு உறைந்த கொழுப்பைப் பயன்படுத்தினார்கள். சென்னை வெயிலில் தேங்காயெண்ணெய்கூட ஆண்டின் பெரும்பகுதி உறைவதில்லை. வட இந்தியாவில் இதற்கு அழகான தீர்வு கண்டிருந்தார்கள்: எள்ளையும் பூவையும் மாறி மாறி அடுக்கி, பூவை நாள்தோறும் மாற்றி, மணம் ஏறிய எள்ளைச் செக்கில் ஆட்டினார்கள். செக்கு இல்லாத வீட்டில் எம்சிடி எண்ணெய் போதும். தேங்காயெண்ணெயிலிருந்து பிரித்தெடுத்த இது உறையாது, தனி மணமும் கிடையாது, எளிதில் சிக்குவாடை அடிக்காது. மாலை ஐந்து மணிக்கு வாங்கிய, இன்னும் விரியாத மொட்டுகளை ஈரம் போகத் துணியில் பரப்பி, காம்பு நீக்கி எண்ணெயில் இட வேண்டும். குண்டுமல்லி இரவில் விரியும்போதுதான் மணத்தை வெளிவிடும். பறித்த பின்னும் விடும். காலையில் பூவை எடுத்துவிட வேண்டும், ஒருமணி நேரம் கூடினாலும் அழுகல் வாடை ஏறத் தொடங்கும். பத்து நாள் இப்படிச் செய்தால் எண்ணெய் மெல்லிய மல்லி மணம் பெறும். அது தனியாகச் செண்டாகாது. செண்டைக் கரைக்கும் அடித்தளமாக நன்றாக உதவும்.

சந்தனம் இல்லாமல் பாலாடை மணம் நிற்காது. சந்தன எண்ணெயின் உயிர் ஆல்ஃபா சாண்டலோலும் பீட்டா சாண்டலோலும். பால் போன்ற மென்மை தருபவை இவையே. 1916இல் மைசூர் சமஸ்தானம் சந்தன எண்ணெய் வடிக்கத் தொடங்கியது. அந்த மரபில் வந்த கர்நாடக அரசு நிறுவனத்தின் எண்ணெய் இன்றும் நம்பகமானது. தமிழ்நாட்டில் ஜவ்வாது மலைச் சந்தனத்துக்குத் திருப்பத்தூரில் அரசுக் கிடங்கு இருக்கிறது. ஆனால் விலை வீட்டுச் சோதனைக்கு எட்டாது. மலிவான சந்தன எண்ணெயில் கலப்படம் மிகுதி. சாண்டலோர், பக்டனால், ஜாவனால் போன்ற செயற்கைச் சந்தன மூலக்கூறுகளை வாங்குவது புத்திசாலித்தனம். பல சந்தன மரங்கள் வெட்டப்படாமல் நிற்க இவையும் ஒரு காரணம் என்பதால், இவற்றைப் போலி என்று ஒதுக்குவது நியாயமில்லை.

சிலவற்றைத் தேடவே வேண்டாம். ஜிவாடன், ஐஎஃப்எஃப் போன்ற பெருநிறுவனங்கள் தம் சொந்தச் செண்டுகளுக்கு மட்டும் வைத்துக்கொள்ளும் மூலக்கூறுகள் வெளியே விற்பனைக்கே வருவதில்லை. பழைய செய்முறைகளில் வரும் லிலியால் இனப்பெருக்க நலனுக்குக் கேடு என்று கண்டறியப்பட்டு, ஐரோப்பிய ஒன்றியத்தில் 2022 மார்ச் 1 முதல் அழகுப் பொருள்களில் தடை செய்யப்பட்டது. ஒவ்வாமை தந்த லைரலும் அவ்வாறே தடைக்குள்ளானது. ஹீலியோட்ரோப்பின் என்ற பைப்பரோனால் பாலில் பாதாம் அரைத்துக் கலந்தாற்போல் மணக்கும். ஆனால் அது போதைப்பொருள் தயாரிப்புக்கும் உதவுவதால் 1988ஆம் ஆண்டு ஐ.நா. உடன்படிக்கையின் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருக்கிறது. அதன் வேலையை வெனிலினைச் சிறிதளவு சேர்த்துச் சமாளிக்கலாம்.

தமிழ்நாட்டில் எல்லாவற்றையும்விடக் கிடைக்காத பொருள் எரிசாராயம். 1937ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டம் நடப்பில் இருக்கும் மாநிலத்தில் அது உரிமமின்றி வாங்கி வைத்துக்கொள்ளும் சரக்கல்ல. மருந்துக்கடையில் கிடைக்கும் ஐசோப்ரோப்பைல் ஆல்கஹாலின் நெடி பூவை அமுக்கிவிடும். மலிவான அத்தர்களில் அடித்தளமாகச் சேர்க்கும் டைஎத்தில் ஃப்தாலேட்டைத் தோலில் பூசும் வாசனைக்குப் பரிந்துரைக்க இயலாது. எஞ்சுவது எண்ணெய் வழி: எம்சிடி எண்ணெய் அல்லது ஐசோப்ரோப்பைல் மிரிஸ்டேட். இதில் இழப்பு ஏதுமில்லை. சென்னை வெக்கையில் சாராயச் செண்டு நொடியில் பறந்துவிடும். எண்ணெயில் கரைந்த லாக்டோன் தோலோடு ஒட்டி மெல்ல விரியும்.

கலவையின் அளவு துளியில் அல்ல, எடையில் இருக்க வேண்டும், 0.01 கிராம் காட்டும் தராசு அவசியம். பத்து கிராம் செறிவுக்கு: ஹெடியோன் 3.1 கிராம், பென்சைல் சாலிசிலேட் 2.0, சந்தன மூலக்கூறு 1.5, லினலூல் 0.8, பென்சைல் அசிட்டேட் 0.8, இலாங் இலாங் எண்ணெய் 0.4, குண்டுமல்லி அப்சல்யூட் 0.3. மீதி 1.1 கிராம் முழுவதும் பத்து சதவீதக் கரைசல்களாக: காமா நோனாலாக்டோன் 0.3, காமா டெக்காலாக்டோன் 0.3, டெல்டா டெக்காலாக்டோன் 0.2, மெத்தில் ஆந்த்ரனிலேட் 0.2, இண்டோல் 0.1. லாக்டோன் கூடினால் பூ மறைந்து தேங்காய் பர்பி மட்டும் மிஞ்சும். இண்டோலைக் கூட்டினால் அந்துருண்டை. இந்தக் கரைசல்களை ஐசோப்ரோப்பைல் மிரிஸ்டேட்டில் தயாரிக்க வேண்டும். டைப்ரோப்பிலீன் கிளைகாலில் தயாரித்தால் எண்ணெயில் கலக்காது. செறிவு 15 பங்குக்கு அடித்தள எண்ணெய் 85 பங்கு.

கலந்த அன்றே மோந்து தீர்ப்புச் சொல்லக்கூடாது. பழுப்புக் கண்ணாடிக் குப்பியில், வெயில் படாத அலமாரியில் நான்கு வாரம் வைத்தால் கூர்முனைகள் மழுங்கிப் பாலாடை மேலே வரும். குப்பியின்மேல் தேதியும், ஒவ்வொரு பொருளின் எடையும், சிஏஎஸ் எண்ணும் எழுதி ஒட்ட வேண்டும். முழங்கையின் உட்புறம் ஒரு துளி தடவி ஒருநாள் பார்த்துவிட்டே மற்றவருக்குத் தரவேண்டும். இண்டோலும் மெத்தில் ஆந்த்ரனிலேட்டும் இருப்பதால் நாளடைவில் நிறம் இளஞ்சிவப்பாகி, பிறகு பழுப்பாகும். அது கெட்டுப்போனதன் அடையாளமல்ல. வெள்ளைத் துணியில் மட்டும் படக்கூடாது.